ஐஸ் ஆலைக்கு முதல் போடுமுன் மெக்கானிக்கைத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகிறவருக்கு முதலில் வருவது மண்டைதீவு. கடற்றொழிலை நம்பியிருக்கும் இந்தச் சிறிய தீவில், 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படி ஓர் இடம் பெயர் பெற்றால் நமது வியாபாரிகளின் மனம் சும்மா இருக்காது. ஐஸ் ஆலை போடலாமா, நண்டுக்கும் இறாலுக்கும் குளிர் அறை கட்டலாமா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். காணி, கட்டடம், இயந்திரம், கரண்ட் பில் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு மட்டும் அதில் வரி இருக்காது.

மீன் நிறையப் பட்ட நாளில் கம்பிரசர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன பெயரிங் கொழும்பு பஞ்சிகாவத்தையில்தான் கிடைக்கும் என்கிறார்கள். சாமானின் விலை பெரிதல்ல. அது பஸ்ஸில் வந்து சேரும்வரை மீன் காத்திருக்காது என்பதுதான் பிரச்சினை. நல்ல பராமரிப்பு மெக்கானிக்காக இருந்தால் அந்தப் பெயரிங்கின் இரைச்சல் மாறியதை முன்கூட்டியே கேட்டிருப்பார். "முதலாளி, இது கனநாள் போகாது, இப்பவே ஒன்று எடுத்து வைப்பம்" என்று சொல்லியிருப்பார். உடைந்ததைத் திருத்துகிறவர் ஊரில் பலர் உண்டு. உடையும் முன் சொல்லக்கூடியவர் சிலர்தான்.

ஐஸ் ஆலையின் அமைப்பு பார்வைக்கு எளிது. கம்பிரசர் அமோனியா வாயுவை அழுத்துகிறது. அது கொண்டென்சரில் தண்ணீரால் குளிர்ந்து திரவமாகிறது. பிறகு உப்புநீர்த் தொட்டியிலுள்ள குழாய்களில் ஆவியாகி, உப்புநீரைப் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 10 பாகை வரை குளிர்விக்கிறது. தொட்டிக்குள் இறக்கிய தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீர் கட்டியாக உறைகிறது. இதில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. தீவுகளில் உவர்ப்பும் சேர்ந்துவிடும். கொண்டென்சர் குழாய்களில் சுண்ணாம்பு படியப் படிய வெப்பம் வெளியேறாது, அழுத்தம் ஏறும், அதே அளவு ஐஸுக்குக் கூடுதல் கரண்ட் போகும். முதலாளி பில்லைப் பார்த்து மின்சார சபையைத் திட்டுவார். மெக்கானிக் அழுத்தமானியைப் பார்த்து, குழாயைச் சுத்தம் செய்ய நாள் குறிப்பார்.

அமோனியா விளையாட்டுச் சாமான் அல்ல. செம்பையும் பித்தளையையும் அது அரித்துவிடும். மலிவாகக் கிடைத்தது என்று பித்தளை வால்வைப் பூட்டினால் ஒருநாள் ஆலையை விட்டு ஓட வேண்டிவரும். எங்கே கசிகிறது என்று அறிய அனுபவசாலிகள் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாயோரம் கொண்டுபோவார்கள். கசியும் இடத்தில் வெண்புகை எழும். கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறாரா என்றும் கவனியுங்கள். அப்படிச் செய்யாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்கு அவரில் நம்பிக்கை இல்லை.

ஜெனரேட்டருக்கும் இதே கதைதான். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. உப்புக்காற்றில் நாட்கணக்காகச் சும்மா கிடந்ததை இயக்கும் முன் கம்பிச்சுற்றின் காப்பை மெகரால் சோதிக்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய உதவியுடன் சூரியசக்தி, காற்றாலை, பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரியத் தகட்டில் உப்புப் படிந்தாலும், காற்றாலையின் போல்ட் துருப்பிடித்தாலும் அங்கும் பராமரிப்புக்கு ஆள்தான் வேண்டும்.

வடக்கில் இந்தத் திறமை இல்லாமல் இருக்கவில்லை. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறை சிமெந்துத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தால் மூடப்பட்டது. சிமெந்துச் சூளை என்பது 1400 பாகைக்கு மேல் கொதித்தபடி சுழலும் மாபெரும் இரும்புக் குழாய். கரண்ட் நின்றால் வேறு இயந்திரத்தால் அதைச் சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும். அத்தகைய இடத்தில் பழகியவரிடம் பையன்கள் தொழில் கற்பார்கள். ஆலை மூடியதோடு அந்த வழி அறுந்தது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிலையமும், யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. என்.வி.கியூ. சான்றிதழோடு வரும் பையனுக்கு ஆரம்பத்தில் காது பழகியிருக்காது. பழைய மெக்கானிக்கோடு ஒரு வருடம் விடுங்கள். அந்த ஒரு வருடச் சம்பளத்தை நட்டமாக எழுதாதீர்கள்.

தனியொரு சிறு முதலாளிக்கு மாதச் சம்பளத்தில் மெக்கானிக் கட்டுப்படியாகாது என்பது உண்மை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாமே. வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரின் ஆலைக்கும் வருவார். அவர் வந்த நாளில் எதுவும் பழுதாகவில்லை என்பதற்காகக் கூலியைக் குறைக்கப் பார்க்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்! பழுதாகாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கூலி.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்படும் முன்பு யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடையும் லொறித் தொழிலும் நடத்திய நம்மவர்கள் பலர். பழைய இரும்பைத் தட்டிப் பார்த்து விலை சொல்லும் கண் இன்னும் நமக்கு உண்டு. ஆனால் பழைய கம்பிரசரை அந்தக் கண்ணால் மட்டும் வாங்கக் கூடாது. விற்பவர் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருப்பார். மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, சூட்டையும் அதிர்வையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணெய் மாற்றிய திகதியும் ஓடிய மணித்தியாலமும் எழுதிய கொப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். கொப்பி இல்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.