தொலைக்காட்சித் தொடர்களில் ஏழையின் பேச்சு

எண்ணூரில் மாலைதோறும் இல்லச் சந்திப்பிற்குச் செல்லும் போதகர், ஜெபவேளையில் தொலைக்காட்சியின் ஒலி மட்டுமே குறைக்கப்படுவதை அறிவார். படம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதில் தெரிவது வளைந்திறங்கும் மாடிப்படியும் பளிங்குத் தரையுமுள்ள மாளிகை. அதைக் காண்போரோ முகத்துவாரத்தில் மீன்பிடிப்போரும், துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஒப்பந்தக் கூலிக்குச் செல்வோரும் ஆவர்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கிற்று. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின், நாள்தோறும் வரும் நெடுந்தொடர் படிப்படியாக வேரூன்றியது. 'சித்தி' (1999), 'மெட்டி ஒலி' (2002), 'கோலங்கள்' (2003) ஆகியவற்றை நம் சபையார் நன்கறிவர். இவற்றை ஒரே தட்டில் வைத்தல் நியாயமன்று; 'மெட்டி ஒலி' ஐந்து பெண்மக்களைப் பெற்ற தகப்பனின் நடுத்தர இல்லத்தையே காட்டிற்று. ஆயினும் தொடர்கள் பெரும்பாலும் மாளிகையை நாடுவதற்கு நடைமுறைக் காரணமுண்டு. வாடகைக்கு எடுத்த ஒரே பெரிய வீட்டில் பல பாத்திரங்களைக் கூட்டிவைத்து நாள்தோறும் படம்பிடித்தல் எளிது. வழக்கும் சூழ்ச்சியும் சொத்தைச் சுற்றியே எழுகின்றன. 2023 டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு பரவிய எண்ணெய், எண்ணூர் மீனவரின் வலைகளையும் படகுகளையும் கெடுத்தது. அத்தகைய இழப்பு செய்தியில் இடம்பெறும். தொடரில் காண்பது அரிது.

அம்மாளிகையில் ஏழை இல்லாமலில்லை. வேலைக்காரி, ஓட்டுநர், அடியாள் ஆகியோர் உளர். அவர்கள் வாயில்தான் வடசென்னைத் தமிழ் வைக்கப்படுகிறது, நகைப்பிற்காகவோ அச்சத்திற்காகவோ. வேலைக்காரி மாலையில் எவ்வீட்டிற்குத் திரும்புகிறாள் என்பதை நாம் காண்பதேயில்லை. கிறிஸ்தவர் தோன்றினால் சிலுவைச் சங்கிலியோ வெள்ளங்கியோ போதுமானது. (போதகருக்கு மனைவி மக்கள் உண்டென்பதைத் தொடர் எழுதுவோர் இன்னும் அறியார் போலும்!)

வேறு வழியும் உண்டு என்பதற்கு, திரைப்படமேயாயினும், பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) சான்று. 1970களின் வடசென்னையைக் காட்டும் அப்படத்தில் அப்பகுதித் தமிழே அன்பிற்கும் சினத்திற்கும் அறிவுரைக்கும் உரிய மொழி. 'டாடி' என அழைக்கப்படும் ஆங்கிலோ இந்தியரான கெவின், கதைத்தலைவனுக்குத் தகப்பன் போன்றவர்.

பேதுருவை அவனுடைய பேச்சே காட்டிக்கொடுத்தது (மத். 26:73). எருசலேமின் முற்றத்தில் கலிலேயப் பேச்சு என்ன மதிப்புப் பெற்றதென்பதை எண்ணூர் இளைஞனுக்கு விளக்க வேண்டுவதில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வில் தன் பேச்சை மறைக்க அவன் கற்றிருக்கிறான்.

ஆனால் நாம் எழுதும் கிறிஸ்து பிறப்பு நாடகங்கள் எத்தகையவை? மரியாளும் யோசேப்பும் தூதனும் செந்தமிழ் பேச, மேய்ப்பர் மட்டும் சென்னைத் தமிழ் பேசுவர், சபை நகைக்கும். நானே பல்லாண்டுகள் அவ்வாறு எழுதியுள்ளேன். ஒத்திகையில் ஒரு சிறுமி, “யோசேப்பும் கூலி வேல செய்றவருதானே ஐயா? அவரு மட்டும் ஏன் நம்ம மாரி பேசல?” என்றாள். அவ்வாண்டு யோசேப்பின் பகுதியை மாற்றி எழுதினேன். நாடகம் முடிந்தபின் மூப்பர் இருவர் என்னிடம் வந்து, பரிசுத்த குடும்பத்தின் கண்ணியம் குறைந்துவிட்டதென மனம் வருந்திக் கூறினர்.