நிரலிற் களையெடுத்தல்

மனிதர் எழுதும் கட்டளைகளைத் தொகுப்பி என்னும் மென்பொருள் இயந்திர மொழியாக மாற்றுகின்றது. அங்ஙனம் மாற்றப்பெற்ற நிரலில், ஒருகாலும் இயங்காத பகுதிகளும் கலந்து கிடத்தல் உண்டு. மேசைக் கணினியில் இவற்றைப் பொருட்படுத்துவார் அரியர். ஆயின், அர்டுயினோ ஊனோ என்னும் சிறு பலகையில் உள்ள ஏ.டி.மெகா 328பி சில்லில் நிரலை வைக்க 32 கிலோபைட்டும், இயங்குங்கால் தரவை வைக்க 2 கிலோபைட்டுமே உள. எல்லையை ஒரு பைட்டு மிகினும் நிரல் அச்சில்லில் அடங்காது.

பயனற்றவை எங்ஙனம் புகுந்தன? ஒரு மூலக்கோப்பிலுள்ள சார்புகள் அனைத்தையும் தொகுப்பி பொதுவாக ஒரே கட்டாகக் கட்டிவைக்கும். அக்கட்டுகளைப் பொருத்தி முழு நிரலாக்குவது இணைப்பி. புணர்ச்சியியல் பயிலும் நமக்கு இதன் தொழில் எளிதில் விளங்கும்; இதுவும் சேருமிடத்தே முகவரிகளைத் திருத்தியே சேர்க்கின்றது. ஆனால் கட்டினை அவிழ்க்க அது வல்லதன்று. ஒரு சார்பை வேண்டினும் உடன் கட்டுண்ட ஏனையவும் வந்துசேரும்.

ஜி.சி.சி. தொகுப்பியில் இதற்கு வழியுண்டு. ஒவ்வொரு சார்பையும் தரவையும் தனித்தனிப் பகுதியில் வைக்குமாறு முதற்கண் பணித்தல் வேண்டும். பின்னர் இணைப்பி நிரலின் தொடக்கத்தினின்று புறப்பட்டு, அது சுட்டும் பகுதிகளையும், அவை சுட்டுவனவற்றையும் வழிவழியே குறித்துச் சென்று, குறிபெறாதவற்றை விலக்கிவிடும். லிஸ்ப் மொழியின் நினைவகத்தைத் துப்புரவாக்க ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறையும் இத்தகையதே.

இதில் ஓர் இடர் உண்டு. இணைப்பி காண்பது சுட்டுகளை மட்டுமே. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகைச் சில்லுகளில், மின்சாரம் பாய்ந்தவுடன் வன்பொருள் தானே ஓர் அட்டவணையைப் படிக்கும். அதன் முதல் எண் அடுக்கு நினைவிடத்தின் தொடக்க முகவரி. இரண்டாம் எண் நிரல் தொடங்கவேண்டிய முகவரி. நிரலிலோ அவ்வட்டவணையைச் சுட்டும் கட்டளை பெரும்பாலும் இராது. ஆகவே இணைப்பி அதனையும் களையென்றெண்ணி எறிந்துவிடும். பிழைச்செய்தி ஒன்றும் வாராது, நிரல் சிறுத்ததென நாம் மகிழ்ந்திருப்போம், சில்லோ உயிர்பெறாது. இதனைத் தடுத்தற்கே இணைப்பிக்குரிய கட்டளைக் கோப்பில் 'கீப்' என்னும் சொல்லால் அட்டவணையைக் காப்பர். நீக்கப்பட்டவற்றின் பெயர்களைக் காட்டுமாறும் இணைப்பியைப் பணிக்கலாம்; அப்பட்டியலைப் படியாது நிரலைச் சில்லில் ஏற்றுதல் தகாது.

இதற்கு மறுதலையும் உண்டு. ஒருபோதும் நிறைவேறாத நிபந்தனையின்கீழ் அழைக்கப்பெற்ற சார்பு, சுட்டப்பட்டதாகலின், இணைப்பியின் கைக்குத் தப்பிவிடும். அதனை நீக்குதல் தொகுப்பியின் வேலை. நிபந்தனை நிறைவேறாதென்பது அதற்கும் புலப்படாதாயின், நிரலை எழுதினவரே நீக்கவேண்டும்.