மாட்டை அடித்தது பேயா?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிறது உதியன்குளங்கரை. இந்தப் பக்கத்தில் பலருக்குப் பசுதான் சேமிப்பு. வீட்டைச் சுற்றி மரச்சீனி நிற்கும்.

காலையில் நன்றாக மேய்ந்த பசு, நடுப்பகலில் திடீரென்று விழுகிறது. மூச்சுத் திணறுகிறது. உடம்பு நடுங்குகிறது. சற்று நேரத்தில் உயிர் போய்விடுகிறது. உடம்பில் காயம் இல்லை. “மாடன் அடித்துவிட்டான்” என்பார்கள் சிலர். “உச்சி வேளையில் பேய் அடித்தது” என்பார்கள் வேறு சிலர்.

இப்படி நினைத்தது நம் ஊரார் மட்டும் அல்ல. கடல் கடந்த அயர்லாந்து நாட்டிலும் மாடு திடீரென்று விழுவது உண்டு. கண்ணுக்குத் தெரியாத மாயக் கூட்டம் அம்பு எய்தது என்று அங்கே நம்பினார்கள். வயலில் கிடைத்த சிறிய கல் அம்புகளைச் சாட்சியாகக் காட்டினார்கள். அந்த அம்புகள் கற்கால மனிதர்கள் செய்தவை. மாட்டைக் கொன்றது வேறு.

நம் ஊரில் மாட்டைக் கொல்வது எது? பல நேரங்களில் மரச்சீனி இலைதான்.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் விசாகம் திருநாள் மகாராஜா. மரச்சீனிப் பயிரைப் பரப்பியவர் அவர். அது ஏழைகளின் பசியைத் தீர்த்தது. ஆனால் அதன் பச்சை இலையிலும் தோலிலும் நஞ்சு உண்டு. அந்த நஞ்சின் பெயர் சயனைடு. ரப்பர் இலையிலும் அது உண்டு. கிழங்கை அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தானே நாம் உண்கிறோம்? பசுவுக்கு அது தெரியாது. கட்டு அவிழ்ந்த பசு, பசியில் இலையை வயிறு முட்டத் தின்றுவிடுகிறது. மூச்சு இழுத்தாலும் அந்தக் காற்று உடம்புக்குப் பயன்படாமல் போகிறது.

இதற்கு ஊசி மருந்து உண்டு. உடனே போட்டால் பசு பிழைக்கலாம். மந்திரவாதியைத் தேடிப் போனால் அந்த நேரம் கைவிட்டுப் போகும்.

சில இடங்களில் மேயும் மாடுகள் அடிக்கடி சாகும். “அங்கே பேய் இருக்கிறது” என்பார்கள். அங்கே அடைப்பான் நோய்க் கிருமி இருக்கலாம். அது மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மனிதரையும் தாக்கும்.

நினைவில் வையுங்கள்:

மரச்சீனித் தோட்டத்தின் அருகே மாட்டை அவிழ்த்து விடாதீர்கள்.

இலையையும் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு, சிறிதளவே கொடுங்கள்.

மாடு விழுந்தால் உடனே மாட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். அது எதைத் தின்றது என்றும் சொல்லுங்கள்.

திடீரென்று செத்த மாட்டை அறுக்காதீர்கள். டாக்டர் வந்து பார்க்கட்டும்.

கோயிலுக்கு நேர்ச்சை செய்வது உங்கள் விருப்பம். முதலில் டாக்டர் வரட்டும். நேர்ச்சையைப் பிறகு செய்யலாம்.

உங்கள் ஊரில் மாடு திடீரென்று செத்தது உண்டா? அன்று அது எங்கே மேய்ந்தது? கூடிப் பேசுங்கள்.