வைக்கிங்: இனத்தின் பெயரா, தொழிலின் பெயரா?

கி.பி. 789-ம் ஆண்டு வாக்கில் ஒரு நாள். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்ட் என்ற இடத்தில் மூன்று கப்பல்கள் வந்து நின்றன. செய்தி கேட்ட அரசாங்க அதிகாரி குதிரை ஏறி விரைந்து வந்தார். வந்தவர்கள் வெளிநாட்டு வியாபாரிகள் என்பது அவர் நினைப்பு. "எல்லோரும் அரசரின் ஊருக்கு நடங்கள்" என்று உத்தரவு போட்டார். வந்தவர்கள் பதில் பேசவில்லை. அவரையும் அவருடன் வந்தவர்களையும் அங்கேயே வெட்டிப் போட்டார்கள்.

வைக்கிங்குகள் இங்கிலாந்தில் சிந்திய முதல் ரத்தம் இதுதான் என்று பழைய வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. செத்தவர் போர்வீரர் அல்ல. கடமையைச் செய்யப் போன ஒரு ராஜாங்க ஊழியர்.

கொள்ளைக்காரர்களை வியாபாரிகள் என்று நினைத்தது அவர் உயிருக்கு உலை வைத்தது. ஆனால் அவர் அப்படி நினைத்ததில் நியாயமும் இருந்தது. அதே கடலில், அதே மாதிரிக் கப்பலில், அதே மொழி பேசுகிறவர்கள் தோலும் மெழுகும் கொண்டு வந்து வியாபாரம் செய்ததும் உண்டு. யார் வியாபாரி, யார் கொள்ளைக்காரர் என்று கப்பலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஆள் ஒரு துறைமுகத்தில் வியாபாரியாகவும், அடுத்த துறைமுகத்தில் கொள்ளைக்காரராகவும் இருந்தார்!

அப்படியானால் வைக்கிங்குகள் என்பவர் யார்?

மடாலயத்தில் படுகொலை

உலகம் அவர்களை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் 793-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி நடந்த சம்பவம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு சிறு தீவு. அங்கே புகழ்பெற்ற கிறிஸ்தவ மடாலயம் இருந்தது. கோட்டை இல்லை, காவல் இல்லை. பொன்னும் வெள்ளியும் இருந்தன. கடலிலிருந்து வந்தவர்கள் துறவிகளைக் கொன்றார்கள். சிலரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றார்கள். பூஜைப் பாத்திரங்களை அள்ளிச் சென்றார்கள்.

சார்லமேன் பேரரசரின் சபையில் இருந்த ஆல்குயின் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கேட்டுத் துடித்துக் கடிதங்கள் எழுதினார். அக்காலத்தில் அங்கே எழுத்துத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் மதகுருமார்கள். அடி வாங்கியவர்களும் அவர்களே. எனவே வைக்கிங்குகளைப் பற்றிய முதல் குறிப்புகள் எல்லாம் அடி வாங்கியவர்கள் எழுதியவை. வைக்கிங்குகளுக்கு 'ரூன்' என்ற எழுத்து இருந்தது. ஆனால் அதைக் கல்லிலும் மரத்திலும் வெட்டினார்களே தவிர, புத்தகம் எழுதவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல ஏடு இல்லாமல் போயிற்று.

சொல் எப்படி வந்தது?

நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நாடுகளின் பழைய மொழியில் 'வீக்கிங்' என்பது ஒரு செயலின் பெயர். கடல் கடந்து பொருள் தேடிக் கூட்டமாகப் போவதை அது குறித்தது. 'வீக்கிங் போனான்' என்றுதான் அவர்கள் பேசினார்கள். அப்படிப் போனவனுக்கு 'வீக்கிங்கர்' என்று பெயர். மீன் பிடிக்கப் போகிறவனை மீனவன் என்பது போல. ஊரில் இருந்து வயலை உழுதவனை யாரும் அந்தப் பெயரால் அழைக்கவில்லை.

சொல்லின் வேர் பற்றி மொழியறிஞர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. 'விக்' என்றால் வளைகுடா, கழிமுகம். அங்கே பதுங்கி இருந்து பாய்ந்தவர்கள் என்பது ஒரு கருத்து. ஓஸ்லோ நகரம் இருக்கும் கடல் பகுதிக்கு அக்காலத்தில் 'வீக்கன்' என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் என்பது இன்னொரு கருத்து. துடுப்புப் போடுகிறவர்கள் முறை மாற்றிக் கொள்ளும் தூரத்துக்கு 'விகா' என்று பெயர். அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் சந்தைக்கும் முகாமுக்கும் வழங்கிய 'விக்' என்ற சொல்லைக் காட்டுவோரும் உண்டு.

அவர்கள் தாக்கிய நாட்டினரோ அவர்களை வேறு பெயர்களால் அழைத்தார்கள். பிரெஞ்சு நாட்டில் 'வடக்கத்தி ஆட்கள்'. இங்கிலாந்தில் 'டேனியர்' அல்லது 'அஞ்ஞானிகள்'. அயர்லாந்தில் 'வெள்ளை அந்நியர்', 'கருப்பு அந்நியர்'. ரஷ்ய ஆற்றங்கரைகளில் 'ரூஸ்'. ரஷ்யா என்ற பெயரே இதிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தவன், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்பதை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள்.

ஸ்வீடனில் புரூ என்ற ஊரில் ஒரு கல்வெட்டு உண்டு. கணவன் இறந்த பிறகு மனைவி நாட்டிய கல் அது. அவர் வைக்கிங்குகளுக்கு எதிராகக் காவல் இருந்தவர் என்று அதில் பொறித்திருக்கிறது. ஸ்வீடனிலேயே வைக்கிங்குகளை விரட்டக் காவல் தேவைப்பட்டது! அந்தச் சொல் ஓர் இனத்தின் பெயர் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

விதைத்துவிட்டுக் கிளம்பினார்கள்

பெரும்பாலோர் விவசாயிகள். பார்லியும் மாடும் ஆடும் மீனும் அவர்கள் பிழைப்பு. குளிர் கடுமை, விளையும் காலம் குறைவு. ஆர்க்னி தீவில் 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்வேன் என்ற தலைவனைப் பற்றி ஐஸ்லாந்து நூல் ஒன்று கூறுகிறது. அவன் வசந்த காலத்தில் விதைத்துவிட்டுக் கொள்ளைக்குப் போவான். கோடையின் நடுவில் திரும்பி வருவான். அறுவடை முடித்து, தானியத்தைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு மறுபடியும் போவான். குளிர்காலத்தில் வீட்டில் 80 ஆட்களுக்குச் சோறு போட்டான். கடைசியில் டப்ளின் நகரைத் தாக்கப் போன இடத்தில் செத்தான்.

ஏன் போனார்கள்? ஒரு காரணம் அல்ல, பல காரணங்கள். நல்ல நிலம் குறைவு. தலைவர்களுக்குள் போட்டி. ஆட்களைக் கையில் வைத்திருக்க வேண்டுமானால் வெள்ளி வேண்டும். அந்த வெள்ளி ஊரில் விளையாது. தெற்கே மடாலயங்களிலும் நகரங்களிலும் அது கொட்டிக் கிடந்தது. அங்கே அரசர்கள் தங்களுக்குள் அடித்துக் கொண்டிருந்தார்கள்.

ஆற்றிலும் ஓடிய கப்பல்

எல்லாவற்றுக்கும் மேல் கப்பல் இருந்தது. நார்வேயில் 1880-ல் தோண்டி எடுத்த கோக்ஸ்டாட் கப்பலின் நீளம் சுமார் 23 மீட்டர். இரு பக்கமும் பதினாறு பதினாறாக 32 துடுப்புகள். ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் மேல் படியும்படி வைத்து, இரும்பு ஆணியால் தறைந்திருந்தார்கள். அலை அடித்தால் கப்பல் முறியாமல் வளைந்து கொடுக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் இருந்தால் போதும். நடுக்கடலையும் தாண்டும், ஆற்றிலும் நுழையும், மணலிலும் ஏறி நிற்கும்.

அதே அளவில் கட்டிய ஒரு கப்பல் 1893-ல் நார்வேயிலிருந்து புறப்பட்டு 28 நாளில் அட்லாண்டிக் கடலைக் கடந்தது. சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அது போயிற்று.

இந்தக் கப்பலில்தான் 845-ல் பாரிஸ் நகருக்கே வந்துவிட்டார்கள். பிரெஞ்சு அரசர் 7000 ராத்தல் வெள்ளி கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பினார். இங்கிலாந்திலும் அதே கதை. 991-ல் 10,000 ராத்தல் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பவர்கள் பெருகினார்கள். 1018-ல் தொகை 72,000 ராத்தலுக்கு ஏறிவிட்டது. அப்போது இங்கிலாந்தின் சிம்மாசனத்திலேயே டேனிய அரசர் கனூட் உட்கார்ந்திருந்தார்!

ஸ்வீடனில் உல்ஃப் என்பவருக்கு அவர் மக்கள் கல் நாட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் மூன்று முறை, மூன்று தலைவர்களின் கீழ் பணம் வாங்கியவர் என்பதுதான் அவருக்குக் கொடுத்த பெருமை. அங்கே ஒரு குடியானவனின் வீட்டில் வரியாகப் பிடுங்கிய காசு, இங்கே ஒரு தகப்பனின் புகழாக நின்றது.

ஸ்வீடன் போன புத்தர்

கிழக்கே போனவர்கள் ரஷ்ய நதிகளின் வழியே கருங்கடலையும் காஸ்பியன் கடலையும் எட்டினார்கள். தோல், தேன், மெழுகு, அடிமைகள் ஆகியவற்றை விற்று அரபு வெள்ளிக் காசு வாங்கினார்கள். காட்லண்ட் தீவில் 1999-ல் ஒரு வயலில் சுமார் 67 கிலோ வெள்ளி கிடைத்தது. அதில் 14,000-க்கு மேற்பட்ட காசுகள். பெரும்பாலும் அரபு நாட்டுக் காசுகள்.

ஸ்டாக்ஹோம் அருகே ஹெல்கோ என்ற தீவில் 1956-ல் கிடைத்த பொருள்தான் எல்லோரையும் வியக்க வைத்தது. தாமரை மேல் அமர்ந்த ஒரு சிறு வெண்கலப் புத்தர்! உயரம் சுமார் 8 சென்டிமீட்டர். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கே, ஸ்வாத் பள்ளத்தாக்குப் பகுதியில் 6-ம் நூற்றாண்டு அளவில் வார்க்கப்பட்டது என்று கருதப்படுகிறது. எத்தனை வியாபாரிகள் கைமாறி அந்தப் பனி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ!

ஆனால் இந்த வியாபாரத்தின் பெரிய சரக்கு மனிதர்கள் என்பதை மறைப்பதற்கில்லை. வைக்கிங்குகள் உருவாக்கிய டப்ளின் நகரம் அக்காலத்தில் பெரிய அடிமைச் சந்தை. அயர்லாந்துக் கரையில் பிடிபட்ட பெண் பிள்ளைகளுக்கு யாரும் கல் நாட்டவில்லை.

கொம்பு வைத்தது யார்?

சினிமாவிலும் படங்களிலும் வைக்கிங் என்றால் தலைக்கவசத்தில் இரண்டு கொம்பு இருக்கும். அது உண்மை அல்ல. நார்வேயில் 1943-ல் கிடைத்த அக்காலத்து இரும்புக் கவசத்தில் கொம்பு இல்லை. ஜெர்மனியில் 1876-ல் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபோது, ஆடை அமைத்த டோப்ளர் நடிகர்களுக்குக் கொம்பும் சிறகும் வைத்தார். அந்த நாடக வேஷம்தான் ஒட்டிக் கொண்டது.

அழுக்கானவர்கள் என்பதும் பாதிதான் உண்மை. 922-ல் வோல்கா நதிக்கரையில் அவர்களைப் பார்த்த அரபுத் தூதர் இப்னு ஃபத்லான், பேரீச்ச மரம் போல் உயர்ந்த உடல் என்று புகழ்ந்துவிட்டு, ஒரே தொட்டித் தண்ணீரில் எல்லோரும் முகம் கழுவுகிறார்களே என்று முகம் சுளித்தார். இங்கிலாந்துத் துறவி ஒருவரோ பிற்காலத்தில் நேர் எதிராகக் குறை சொன்னார். தினமும் தலை வாரி, சனிக்கிழமை தோறும் குளித்து, நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று! அவர்கள் மொழியில் சனிக்கிழமைக்குப் பெயரே 'குளிக்கும் நாள்'.

ஆபீசில் புழங்கும் வைக்கிங் சொல்

போனவர்களில் பலர் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள். ஐஸ்லாந்தில் குடியேறி, 930-ல் 'ஆல்திங்' என்ற மக்கள் சபையைக் கூட்டினார்கள். கிரீன்லாந்து போய், அங்கிருந்து கனடாவின் நியூபவுண்ட்லண்ட் தீவையும் எட்டினார்கள். அங்கே வெட்டிய மரத்தின் வளையங்களை ஆராய்ந்து, 1021-ல் அவர்கள் அங்கே இருந்தது உறுதி என்று 2021-ல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். கொலம்பஸுக்கு 471 ஆண்டு முன்பு!

பிரெஞ்சு அரசர் 911-ல் ரோலோ என்ற தலைவனுக்கு நிலம் கொடுத்துச் சமாதானம் ஆனார். அதுதான் நார்மண்டி. அந்த வம்சத்து வில்லியம் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்தார். அதே ஆண்டு, சில வாரங்களுக்கு முன், நார்வே அரசர் ஹரால்ட் ஹார்ட்ராடா இங்கிலாந்தில் போரிட்டு மடிந்தார். வைக்கிங் காலம் முடிந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் இந்த ஆண்டைத்தான் குறிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் குடியேறியவர்களின் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. சட்டத்தைக் குறிக்கும் 'லா', தவறைக் குறிக்கும் 'ராங்', 'நைஃப்', 'எக்', 'ஸ்கை' எல்லாம் அவர்கள் கொடுத்தவை. சங்கங்களிலும் சொசைட்டிகளிலும் புரளும் 'பைலா'வும் அவர்களிடமிருந்து வந்ததே என்பது பலரின் கருத்து. 'பி' என்றால் ஊர், ஆகவே அது ஊர்ச் சட்டம். 'விண்டோ' என்றால் காற்றின் கண். பழந்தமிழில் சன்னலுக்குக் 'காலதர்', அதாவது காற்றின் வழி என்று பெயர். இரு மொழிகளுக்கும் உறவு இல்லை. எண்ணம் மட்டும் ஒன்று. இன்றைய செல்போனில் உள்ள 'புளூடூத்' என்பதும் 10-ம் நூற்றாண்டு டேனிய அரசர் 'நீலப்பல்' ஹரால்டின் பெயர்தான்.

பெயர் மறந்து, பெயர் பிறந்தது

இதற்கிடையில் 'வைக்கிங்' என்ற சொல் ஆங்கிலத்தில் வழக்கொழிந்து போயிற்று. 19-ம் நூற்றாண்டில் வடநாட்டுக் கவிஞர்களும் அறிஞர்களும் அதைப் புதுப்பித்தார்கள். அப்போதுதான் தொழிலின் பெயர் இனத்தின் பெயராக மாறியது. உழுதவனும் கப்பல் கட்டியவனும் நெசவு நெய்தவளும் எல்லோரும் 'வைக்கிங்' ஆனார்கள்.

ரத்தத்தில் வந்த பெயர் அல்ல அது என்பதை விஞ்ஞானமும் காட்டிவிட்டது. அக்காலத்துப் புதைகுழிகளில் கிடைத்த 442 பேரின் எலும்புகளை ஆராய்ந்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். பலருக்கு மஞ்சள் முடி அல்ல, பழுப்பு முடி. ஆர்க்னி தீவில் வைக்கிங் வாளுடன் புதைக்கப்பட்ட சிலருக்கு வடநாட்டு ரத்தமே இல்லை!

ஸ்வீடனில் கிரிப்ஸ்ஹோம் கோட்டை அருகே ஒரு கல் நிற்கிறது. டோலா என்ற தாய் தன் மகன் ஹரால்டுக்காக நாட்டியது. இங்வார் என்ற தலைவனோடு பொன் தேடித் தூர தேசம் போனவர்களில் அவனும் ஒருவன். அரபு நாட்டுப் பக்கம் செத்தான். அந்த ஒரே பயணத்தில் மாண்டவர்களுக்காகச் சுமார் 26 கற்கள் அந்த வட்டாரத்தில் நிற்கின்றன.

லிண்டிஸ்ஃபார்ன் துறவிகள் பார்த்தது கொள்ளைக்காரனை. டோலா வழியனுப்பியது மகனை. இரண்டும் பொய் அல்ல.

(வைக்கிங்குகளின் கோக்ஸ்டாட் கப்பல் நார்வேத் தலைநகர் ஓஸ்லோவில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. லிண்டிஸ்ஃபார்ன் தீவில் பிற்காலத்தில் கட்டிய மடாலயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம்.)