ஷூ போகிறது, சூப் வருகிறது!
கலவை மளிகைக் கடையில் ஐரோப்பிய விருந்து

ஐரோப்பியச் சாப்பாடு என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது?

பெரிய ஓட்டல். வெள்ளை மேஜைத் துணி. முள்கரண்டி, கத்தி. பில்லைப் பார்த்தால் தலை சுற்றும்!

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

உண்மை அதுவல்ல. தெருமுனை மளிகைக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் ஒரு நடை போய் வந்தால் போதும். வேண்டிய சாமான் எல்லாம் பைக்குள் வந்துவிடும்.

தோல் நாடு

கலவை, ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள சிற்றூர். ஆற்காட்டுக்கு அருகே இருக்கிறது.

இந்த வட்டாரமே தோலுக்குப் பேர் போனது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுகிறார்கள். ஷூ தைக்கிறார்கள். ஷூ தொழிற்சாலைகளில் ஏராளமான பெண்கள் வேலை செய்கிறார்கள்.

அவர்கள் தைக்கும் ஷூக்கள் ஜெர்மனிக்கும், இத்தாலிக்கும், இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறுகின்றன.

இங்கே தைத்த ஷூ அந்த ஊர்க் காலில் ஏறுகிறது. அந்த ஊர்ச் சாப்பாடு இந்த ஊர்த் தட்டில் ஏறக் கூடாதா?

வேலை முடிந்து, பஸ் பிடித்து, களைத்துப் போய் வீட்டுக்கு வருகிறாள் தாய். "அம்மா, டி.வி.யில் காட்டினார்களே, அந்த வெள்ளை மக்ரோனி வேண்டும்" என்கிறது பிள்ளை.

நாலு பேரும் ஓட்டலுக்குப் போனால் கையில் உள்ள காசு கரைந்துவிடும். "அதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று சொன்னால் பிள்ளையின் முகம் வாடிவிடும்.

இரண்டும் வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம்!

மிளகு தண்ணி கப்பல் ஏறிய கதை

உள்ளூர்ச் சாமானைக் கொண்டு ஐரோப்பியச் சமையல் செய்வது புதிய காரியம் அல்ல. வெள்ளைக்காரர்களே அதைத்தான் செய்தார்கள்.

இங்கே வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சூப் இல்லாமல் சாப்பாடு இறங்காது. நம் ஊர்ச் சமையல்காரர்கள் என்ன செய்தார்கள்? நம் மிளகு தண்ணியையே சூப் ஆக்கினார்கள். அதில் இறைச்சியும் காய்கறியும் சேர்ந்தன.

அந்தப் பெயர் ஆங்கிலேயர் வாயில் "மல்லிகடானி" ஆயிற்று. 1784-ஆம் ஆண்டிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. பிறகு அந்தச் சூப் இங்கிலாந்துக்கே போயிற்று. இன்றும் ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் அது இருக்கிறது.

கிடைத்ததை வைத்து அவர்கள் சமைத்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

என்ன வாங்க வேண்டும்?

மளிகைக் கடையில்: மக்ரோனி 200 கிராம், மைதா 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், கஸ்டர்டு பவுடர் ஒரு சிறு பாக்கெட், கொஞ்சம் மிளகு, சர்க்கரை.

காய்கறிக் கடையில்: தக்காளி, கேரட், பீன்ஸ், வெங்காயம், வாழைப்பழம்.

பால் ஒரு லிட்டர். இவ்வளவுதான்! நாலு பேர் சாப்பிடலாம்.

முதலில் சூப்

தக்காளி 4, கேரட் 1, வெங்காயம் 1. மூன்றையும் நறுக்கி, நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேக வையுங்கள். மத்தால் கடைந்து வடிகட்டுங்கள்.

ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் ஒரு தேக்கரண்டி மைதாவை வறுத்து, வடிகட்டிய சாற்றை அதில் ஊற்றுங்கள். ஒரு கொதி வந்ததும் உப்பும் மிளகுத் தூளும் போட்டு இறக்குங்கள். சூப் தயார்.

வெள்ளை சாஸ்

ஐரோப்பியச் சமையலின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை "பெஷமெல்" என்று சொல்வார்கள். பெயர்தான் பெரிது. சாமான் மூன்றே மூன்று: வெண்ணெய், மைதா, பால்.

இரண்டு மேஜைக் கரண்டி வெண்ணெயை வாணலியில் உருக்குங்கள். அதே அளவு மைதாவைப் போடுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். பச்சை வாசனை போக வேண்டும். நிறம் மாறக் கூடாது.

இப்போது இரண்டு டம்ளர் ஆறிய பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டிவிடும். தோசை மாவு போல் கெட்டியானதும் உப்பு, மிளகுத் தூள் சேருங்கள்.

இதற்குள் இன்னொரு அடுப்பில் மக்ரோனி வேகட்டும். நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டு, கொதித்த பிறகே மக்ரோனியைப் போட வேண்டும். சுமார் 10 நிமிடத்தில் வெந்துவிடும். குழைய விடாமல் வடித்துவிடுங்கள்.

மக்ரோனியையும், வேக வைத்த கேரட், பீன்ஸையும் சாஸில் போட்டுப் புரட்டுங்கள்.

சீஸ் வேண்டாமா? இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. இரண்டு ரஸ்க்கைப் பொடி செய்து, வெண்ணெயில் வறுத்து மேலே தூவுங்கள். மொறுமொறு என்று இருக்கும். ஓவனும் தேவை இல்லை.

மனைவிக்காகப் பிறந்த கஸ்டர்டு

கடைசியில் இனிப்பு.

கஸ்டர்டு என்பது முட்டையில் செய்வது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஆனால் கஸ்டர்டு என்றால் ஆசை!

கணவர் சும்மா இருக்கவில்லை. 1837-ல் சோள மாவைக் கொண்டு முட்டை இல்லாத கஸ்டர்டு பவுடரைக் கண்டுபிடித்தார். அதனால்தான் சைவக் குடும்பங்களும் இன்று கஸ்டர்டு சாப்பிட முடிகிறது.

இரண்டு மேஜைக் கரண்டி பவுடரைக் கால் டம்ளர் ஆறிய பாலில் கரையுங்கள். அரை லிட்டர் பாலில் மூன்று மேஜைக் கரண்டி சர்க்கரை போட்டுக் கொதிக்க விடுங்கள். கரைத்ததை அதில் ஊற்றி, கைவிடாமல் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டியாகும். ஆறிய பிறகு வாழைப்பழத்தை நறுக்கிப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை

மைதாவும் வெண்ணெயும் தினமும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் போதும். மக்ரோனியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினால் உடம்புக்கு நல்லது.

வேலையைத் தாய் ஒருத்தியின் தலையில் கட்ட வேண்டாம். கணவர் காய் நறுக்கலாம். பெரிய பிள்ளை சாஸ் கிளறலாம். சின்னப் பிள்ளை ரஸ்க்கைப் பொடி செய்யலாம். நாலு பேரும் கை கொடுத்தால் முக்கால் மணி நேரத்தில் விருந்து தயார்.

முள்கரண்டி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஸ்பூன் போதும். கையால் சாப்பிட்டாலும் ருசி குறையாது!