வளைவில் வால் விலகினால்

பழைய ட்ரயம்ப் ஸ்பிட்பயர் வைத்திருப்பவர் கராஜில் வந்து சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "பின்பக்கம் ஆட்டுது பாஸ்." அது காரோடு பிறந்த குணமா, வயதால் வந்த கோளாறா என்று பிரிப்பதில்தான் மெக்கானிக்கின் கெட்டித்தனம் இருக்கிறது.

பிறவிக் குணம் இதுதான். 1962இல் வந்த இந்தக் காரின் பின் அச்சு, டிஃபரென்ஷியல் பக்கம் மட்டுமே மடங்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கூடவே சாயும். வேகமாக வளைவுக்குள் போனவர் பயந்து அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குப் போகும், பின்பக்கம் எழும்பும், வெளிச் சக்கரம் காருக்கு அடியில் மடிந்து, ரயரின் ஓரம் மட்டும் றோட்டைப் பிடிக்கும். அப்புறம் வால் வழுக்காமல் என்ன செய்யும்? 1970இன் கடைசியில் வந்த மார்க் 4இல், குறுக்கே கிடக்கும் ஸ்பிரிங்கின் பெரும்பாலான பிளேட்டுகளை இறுக்காமல் ஊசலாட விட்டுத்தான் இதை அடக்கினார்கள். இதே அச்சோடு சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பின்னால் 1972இல் வந்த கசெல்லிலோ ஒரே தண்டான அச்சைப் போட்டுப் பிரச்சினையையே தலைமுழுகிவிட்டார்கள்.

ஆனால் வெள்ளவத்தையில், காலி வீதி நெரிசலில், இந்தக் குணம் தலைகாட்ட வேகம் ஏது? அது கடுகண்ணாவை வளைவுகளின் சமாச்சாரம். நேர் றோட்டில் முடுக்கும்போது வால் ஒரு பக்கமும், காலை எடுத்தால் மறுபக்கமும் போனால், சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பியின் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். வெக்கையில் ரப்பர் பொடிந்து, பின்சக்கரம் தானே ஸ்ரியரிங் பிடிக்கத் தொடங்கியிருக்கும். புஷ் மாற்றுவது பெரிய செலவில்லை.

சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து, ரயரின் உள்ளோரம் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பார்க்கத்தான் அசிங்கம், வளைவில் அது கொஞ்சம் உதவவும் செய்யும். ரயர் செலவு வேறு கதை. கார் எடுப்பாக நிற்க வேண்டுமென்று வளைவு கூடிய புது ஸ்பிரிங்கைப் போட்டு வாலை உயர்த்துகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். அடங்கிக் கிடந்த பிறவிக் குணத்தை அவர்களே காசு கொடுத்து எழுப்புகிறார்கள்.

அளக்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. ஜாக்கில் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடியும். இறக்கிய பின்னும் ரயர் தரையைப் பற்றிக்கொள்வதால் அப்படியே நிற்கும். காரை நாலடி முன்னும் பின்னும் தள்ளிய பிறகுதான் சாய்மானத்தை அளக்க வேண்டும்.