கடுக்காய் எங்கிருந்து வருகிறது?

"தினமும் கடுக்காய்ப் பொடி சாப்பிடறேன் டாக்டர், மலச்சிக்கல் போகவே மாட்டேங்குது!" என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. குறை கடுக்காயில் இல்லை; அது வந்த வழியில் இருக்கலாம்.

திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைமக்கள் சேகரிக்கும் கடுக்காய் வியாபாரி, மண்டி, மருந்துக் கம்பெனி, கடை என்று பல கை மாறித்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. பிஞ்சைப் பறித்தால் வீரியம் குறையும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பொடித்துவிட்டால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது!

ஆகவே, கம்பெனிக்காரர்கள் மூட்டையை மட்டும் பார்த்தால் போதாது. எந்த மலை, எந்த மாதம், எப்படிக் காயவைத்தது என்று கொடுப்பவரிடமே விசாரித்து எழுதி வைக்க வேண்டும். சித்த மருந்துத் தயாரிப்புக்காக 2000-ல் வந்த 'அட்டவணை டி' விதிகளும், மூலப்பொருளின் பெயர், வந்த இடம், சோதனை விவரம் ஆகியவற்றைக் கேட்கின்றன.

மருந்தைக் குழைக்கும் தேனின் கதை என்ன? 2020-ல் டெல்லி அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே மூன்று!

நீங்கள் செய்ய வேண்டியது:

* முழுக் கடுக்காயாக வாங்குங்கள். ஓட்டையின்றி, கனமாக, தண்ணீரில் மூழ்குவதாக இருக்கட்டும்.
* கொட்டையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் இடியுங்கள்.
* தயாரித்த மருந்தென்றால் உரிம எண், தொகுதி எண், தேதி பாருங்கள்.
* கர்ப்பிணிகளுக்குக் கடுக்காய் வேண்டாம்.

இன்னொன்று. அடிமாட்டு விலை கேட்டால், காய் முற்றும்வரை மலைக்காரர் எப்படிக் காத்திருப்பார்? நல்ல மருந்து நியாயமான விலையில்தான் தொடங்குகிறது.